மறு: ரிஃப் – தமிழில் என்ன சொல்லலாம்? ‘மீட்டடி’ சரியா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல் கேட்டேன், நான்கு நாளில் பதினேழு மடல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: நானும் என் அக்கா மகனும் பிளாக் சாபத் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் வாழ்க்கையைப் படங்களோடு தமிழில் ஒரு நூலாகச் செய்துகொண்டிருக்கிறோம். படம் அவன், எழுத்து நான். பதினோராம் பக்கத்தில் நிற்கிறோம். ரிஃப் என்பதற்கு, அதாவது ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற குறுகிய கிடார் வரிக்கு, சொல் கிடைக்காமல் அதைத் தாண்ட மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வலக்கை மட்டும்தான் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனின் கை. பர்மிங்காமில் தகட்டு ஆலை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்த டோனி அயோமிக்கு, பின்னாளில் சாபத்தின் கிடார்க்காரருக்கு, அது அங்கே கடைசி நாள். இனி இசைதான் என்று முடிவெடுத்தாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. போய் நாளை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். வழக்கமாகத் தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் நிற்கிறவர் அன்று வரவில்லை, இவரை அதில் நிறுத்தினார்கள். நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவர் இடக்கைக்காரர். ஆகவே தந்தியை அழுத்தும் கை வலக்கை. போனது அந்தக் கையில்.

ஆலையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்க வைத்தார். ஜாஸ் கிடார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்களின் இயக்கத்தை இழந்த பிறகும் வாசித்தவர் அவர். அதைக் கேட்டபின் அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டினார். தந்திகளை மெலிதாக்கினார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பில் சில பாடல்களில் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருக்கிறது. தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும், ஓசையும் கனத்துவிடும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற முழு கார்டு பிடிக்கச் சிரமப்பட்ட விரல்கள் இரண்டு சுரக் கட்டுகளை நம்பின. இப்படித்தான் அந்தக் குறுகிய, கனமான, திரும்பத் திரும்ப வருகிற கிடார் வரிகள் பிறந்தன. இவ்வளவையும் தமிழில் சொல்லிவிட்டு, அந்தக் கை செய்ததற்கு மட்டும் பெயரில்லாமல் எப்படி விடுவது?

> கிடாரைக் கிடார் என்றுதானே எழுதுகிறோம்? ரிஃப்பும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

நியாயமான கேள்வி. கிடார், பேஸ், டிரம்ஸ், ஆம்ப் நான்கையும் நான் தொடப்போவதில்லை. அவை பெயரோடு வந்த பொருள்கள், பிள்ளைகள் வாயில் அப்படியே புழங்குகின்றன. ரிஃப் ஒரு பொருளன்று. காது செய்யும் ஒரு பிரிப்பு அது: ‘இதுவரை ஒன்று, இனி அதுவே மறுபடி’ என்று கேட்பவர் உணர்கிற அலகு. கிடாரைத் தொட்டுப் பார்க்காத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘ரிஃப்’ என்று எழுதினால் ஓர் ஒலிதான் போய்ச் சேரும், பொருள் சேராது. படநூலில் விளக்கத்துக்கும் இடமில்லை. படத்துக்குள் ஒட்டுகிற சின்னச் சீட்டில் சொல்லே விளக்கமாக நிற்க வேண்டியிருக்கிறது.

> பல்லவி என்றால் என்ன குறைந்துவிடும்?

பல்லவிக்குச் சொல் உண்டு, வாய் உண்டு. பாட்டின் பல்லவி ஒன்றாகவும் ரிஃப் வேறாகவும் ஒரே பாட்டிலேயே வருகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் குறிப்பிடும்போது நான் மாட்டிக்கொள்வேன். சங்கதி என்று எழுதிய நண்பருக்கும் இதே மரியாதையோடு: சங்கதியின் அழகே ஒரு வரி ஒவ்வொரு முறையும் மாறி வருவதில் இருக்கிறது. ரிஃப் மாறாமல் வருவதால் ஆள்கிறது. நேர் எதிர். தாளக் கோர்வையை முடிக்கிற ‘தீர்மான’மும் ஆகாது: தீர்மானம் முடிப்பது, ரிஃப் பெரும்பாலும் தொடங்கி வைப்பது.

‘மடக்கு’ என்று ஐயா எழுதியதை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். அணியிலக்கணத்தில் அடிமடக்கு என்றே ஒன்று இருக்கிறதே, முழு அடியும் திரும்ப வருவது. பொருத்தம் கண்ணைப் பறித்தது. ஆனால் மடக்கில் அதே சொற்கள் வேறு பொருளோடு திரும்ப வேண்டும், அதில்தான் புலவனின் திறம். போதாததற்கு, இன்றைய பிள்ளைக்கு மடக்கு என்றால் மடக்குக் கத்தியும் மடக்கு நாற்காலியும்தான். வருத்தத்தோடு விடுகிறேன்.

> ராகத்துக்குப் ‘பிடி’ என்கிறோம். இரண்டு சுரத்தில் ராகம் தெரிந்துவிடும். ரிஃப்பும் அப்படித்தானே?

அக்கா, இதுவரை வந்தவற்றில் என்னை மிகவும் ஆட்டியது உங்கள் சொல்தான். நீங்கள் வயலினில் வாசித்து அனுப்பிய ஒலித்துண்டைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன். குழுவில் எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

பிளாக் சாபத்தின் முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதன் முதல் பாட்டுக்கும் குழுவின் பெயரே பெயர். மழை, இடி, தூரத்தில் ஒரு மணி. பிறகு கிடார் மூன்று சுரம் வாசிக்கிறது: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். அந்த மத்திமத்தை அசைத்துப் பிடித்து நிறுத்துகிறது. மறுபடி ஷட்ஜம். அவ்வளவுதான். பன்னிரண்டு அரைச்சுரத்தில் சரிபாதியில் வந்து நிற்கிற அந்த இடைவெளிக்கு ஐரோப்பிய இசைக்காரர்கள் லத்தீனில் ‘இசையில் சாத்தான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பேஸ் வாசித்த கீஸர் பட்லருக்கு இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் கிரகத் தொகுப்பில் செவ்வாய்ப் பகுதி மிகவும் பிடிக்கும், அந்தத் தாக்கம் இதில் இருக்கிறது. நம் காதில் அதே பிரதி மத்திமம் கல்யாணி ராகம். அக்கா அதே மூன்று சுரத்தை முதலில் அயோமியின் நிதானத்தில் வாசித்துவிட்டு, பிறகு நிஷாதமும் தைவதமும் சேர்த்துக் கமகத்தோடு இறங்கிவந்து காட்டியிருக்கிறார். முதலில் கிலி, அடுத்து மங்கலம், ஊடே ஒரே மத்திமம். நூலில் இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டோம்.

இருந்தும் பிடியை எடுக்க முடியவில்லை. பிடி ராகத்துக்கு உரியது. கல்யாணியின் பிடி கல்யாணியில் அமைந்த எந்தப் பாட்டிலும் வரலாம். ரிஃப் ஒரு பாட்டுக்கு மட்டும் உரியது, இன்னொரு பாட்டில் வந்தால் திருட்டு என்பார்கள். இன்னொரு தடையும் உண்டு. கிடார் பழகுகிற பிள்ளைகள் கார்டைப் ‘பிடி’ என்றுதான் பேசுகிறார்கள். “இந்த கார்டு எப்படிப் பிடிக்கணும்?” என்று கேட்கிற வாயில் பிடி வேறு வேலையில் இருக்கிறது.

> எங்களிடம் ஒவ்வொரு அடிக்கும் பேர் இருக்குங்க. சப்பரத்தடி, ஒத்தையடி... அடிச்ச உடனே எதுன்னு ஊருக்கே தெரியும்.

பறை வாசிக்கிற தம்பி எழுதிய இந்த இரண்டு வரியில்தான் எனக்கு வழி திறந்தது. ‘அடி’. குறுகியது, பெயர் உடையது, திரும்பத் திரும்ப வருவது, முதல் சுற்றிலேயே இன்னதென்று தெரிந்துவிடுவது. ரிஃப்பின் இலக்கணம் இதைவிட வேறில்லை. யாப்பிலும் அடி என்றால் சீர்களால் ஆன அளவான வரி. இரண்டு சீர் குறளடி, மூன்று சீர் சிந்தடி. அந்த மூன்று சுரத்தைச் சிந்தடி என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஒரு பாட்டின் அடியில் கிடப்பதும் அடிதான். தம்பி, நூலின் நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட அனுமதி தர வேண்டும்.

ஆனால் ‘அடி’ தனியாக நின்றால் ஏழெட்டுப் பொருள் வந்து மொய்க்கும். முன்னால் ஒரு சொல் வேண்டும். சுழலடி, மீளடி, தந்தியடி என்று எழுதிப் பார்த்தேன். தந்தியடி என்றதும் தபால் நிலையம் நினைவுக்கு வருகிறது. சுழலடியில் சுழற்சி இருக்கிறது, கை இல்லை. அப்போதுதான் ‘மீட்டு’ தோன்றியது.

வீணையை மீட்டுகிறோம், யாழை மீட்டுகிறோம். கிடாருக்கும் அதுவே வினை. ‘மீண்டும்’ என்பதற்கு ‘மீட்டும்’ என்ற வழக்கும் பழைய இலக்கியத்தில் உண்டு. இன்றும் மீட்டுருவாக்கம் என்கிறோம். விரலால் எழுப்புவதும் திரும்பக் கொண்டுவருவதும் ஒரே எழுத்துக் கூட்டத்துக்குள் இருக்கின்றன. மீட்டு + அடி = மீட்டடி. குற்றியலுகரம் உயிர் வரக் கெடும், ஆகவே ஐயா சந்தி பற்றி எழுப்பிய ஐயத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். மீட்டிய அடி, மீட்டுகிற அடி, மீட்டும் அடி என்று மூன்று காலமும் உள்ளே அடங்கிய வினைத்தொகை.

> டிரம்பெட், சாக்ஸபோன் குழுக்களும் ரிஃப் வாசிக்கின்றனவே. ஊதுவதை மீட்டுவது என்பீர்களா?

இந்த மறுப்பு கனமானது. ஜாஸில் கவுன்ட் பேஸியின் குழு காற்றுக் கருவிகளை வைத்தே ரிஃப்பை அடுக்கியது. என் பதில், எண்ணெய். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், மண்ணெண்ணெய் வரை நீண்டுவிட்டது, யாரும் எள்ளைத் தேடுவதில்லை. மீட்டடியும் கிடாரில் பிறந்து மற்றக் கருவிகளுக்குப் போகட்டும். அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் காற்றுக் கருவிகளுக்கு ‘ஊதடி’ என்று அதே அச்சில் வார்த்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், உங்கள் காதுக்கும் தருகிறேன்:

“‘அயர்ன் மேன்’ பாட்டில் ஆஸி ஆஸ்பர்னின் குரல் கிடாரின் மீட்டடி போகும் வழியிலேயே போகிறது.”

“பல பாடல்களில் பட்லரின் பேஸ் அதே மீட்டடியைக் கீழ்ச் சுருதியில் இரட்டிக்கும்.”

“‘பாரனாய்ட்’ பாட்டைத் தொகுப்பில் இடம் நிரப்பவே அவசரமாகச் செய்தார்கள். அதன் மீட்டடி 1970இல் அவர்களைப் பிரிட்டன் தரவரிசையின் நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனது.”

மூன்றிலும் சொல் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் மூன்றாவது வாக்கியத்தைப் படித்துக் காட்டி, மீட்டடி என்றால் என்ன என்று கேட்டேன். “திரும்பத் திரும்ப வர்ற கிடார் பிட்டு” என்றாள். எனக்கு இது போதும்.

மற்றச் சொற்கள் பற்றி விரைவாக. ராக் என்பதைப் ‘பாறை இசை’ என்று எழுத வேண்டாம், அங்கே ராக் என்றால் ஆடுவது, அசைவது. ஹெவி மெட்டலைக் ‘கன உலோகம்’ ஆக்கினால் ஈயமும் பாதரசமும் வந்து நிற்கும், ஒலிபெயர்ப்பே இருக்கட்டும். நூலின் வகைக்குச் ‘சித்திர வரலாறு’, ‘படவரலாறு’ இரண்டும் வந்தன. சித்திரக்கதை படித்து வளர்ந்தவன் என்பதால் என் வாக்கு சித்திர வரலாற்றுக்கு. முதல் தொகுப்பின் அட்டையில் மேப்பிள்டர்ம் நீராலை முன்னால் கறுப்பு அங்கியோடு ஒரு பெண் நிற்பாளே, அந்த ஆலையை ‘மாவரைக்கும் நீராலை’ என்று எழுதலாமா? தண்ணீர் விசையில் ஓடுகிற சக்கரம் என்பது படத்திலேயே தெரியாததால் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கடைசிப் பக்கங்கள் 2025 ஜூலை 5, வில்லா பார்க். குழுவைத் தொடங்கிய நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கிற கால்பந்து மைதானம். 2005க்குப் பிறகு அன்றுதான் நால்வரும் ஒன்றாக மேடையேறினார்கள். ஆஸி எழுந்து நிற்க முடியாமல் அரியணை போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். ஜூலை 22 அன்று காலமானார். இந்தப் பக்கத்துக்கு என் மருமகன் மறுபடி அதே வலக்கையைத்தான் வரைந்திருக்கிறான், இப்போது எழுபத்தேழு வயதுக் கை, விரலில் உறையோடு. அதன் கீழே எழுத வேண்டியதைப் பதினோராம் பக்கத்தில் எழுதுவதோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும். என் வரைவு:

பக்கம் 11: “இரண்டு விரல்நுனி போயிற்று. மிச்ச விரல்களும் இரண்டு பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து ஒரு மீட்டடியைத் தேடின.”

கடைசிப் பக்கம்: “அதே கை. அதே மீட்டடி.”

இரண்டாவதில் ‘அதே’ இரண்டு முறை வருவது சரியா, இல்லை ஒன்றை எடுத்துவிடலாமா? எழுத்துக் கோப்பு வியாழக்கிழமை வடிவமைப்பாளரிடம் போகிறது. சொல்லில் மறுப்பு இருப்பவர்கள் புதன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
பதினோராம் பக்கத்துக்காரன்