மறு: கலர் கமென்டேட்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இன்னொரு முறை காது கொடுத்துக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று சும்மா இருந்தேன். அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் அறைக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன. முதல் குரலுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை, 'நேர்முக வர்ணனையாளர்' நம்மிடம் வானொலிக் காலத்திலிருந்தே இருக்கிறது. சிக்கல் ஆங்கிலத்தில் 'கலர் கமென்டேட்டர்' எனப்படும் இரண்டாவது குரலுக்குத்தான்.

> நிற வர்ணனையாளர் என்று நேராகவே சொல்லிவிட்டால் என்ன?

வேண்டாம் ஐயா. அமெரிக்கா பற்றிய தமிழ்ச் செய்தியில் 'நிறம்' வந்தாலே வாசகர் மனம் நிறவெறிக்குத்தான் போகும். அப்புறம் ஒரு வேடிக்கை: வர்ணனை என்பதே வர்ணத்தின் வழி வந்த சொல். 'நிற வர்ணனை' என்பது 'நடு சென்டர்' கதைதான்.

ஆங்கிலத்தில் அந்தக் 'கலர்' வந்த வழியையும் பார்க்க வேண்டும். வானொலியில் ஒருவர் பந்து யாரிடம் போனது, எத்தனை கெஜம் நகர்ந்தது என்று சொல்வார். இடைவெளியில் மற்றவர் கூட்டம், வாத்தியக் குழு, குளிர், மழை என்று வண்ணம் சேர்ப்பார். தொலைக்காட்சி வந்ததும் கூட்டமும் மழையும் கண்ணுக்கே தெரிந்துவிட்டன. இரண்டாமவரின் வேலை மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று அங்கேயே பெரும்பாலும் 'அனலிஸ்ட்' என்கிறார்கள். வேலையே இல்லாத வண்ணத்தை நாம் ஏன் தமிழுக்குத் தூக்கி வர வேண்டும்?

> அப்படியானால் ஆய்வாளர் போதுமே.

தமிழ்நாட்டில் ஆய்வாளர் என்றால் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர். முன்னாள் வீரரும் சிபிஎஸ் தொலைக்காட்சியின் இரண்டாம் குரலுமான ரோமோவை 'ஆய்வாளர் டோனி ரோமோ' என்று எழுதினால் எந்தச் சரகம் என்று கேட்பார்கள். பகுப்பாய்வாளர் தப்பில்லை. ஆனால் அதில் பங்குச் சந்தை வாடை அடிக்கிறது, வாய்க்கும் கொஞ்சம் பெரிது.

> அந்த இடத்தில் உட்காருபவர்கள் எல்லாருமே முன்னாள் வீரர்கள். 'வீரர் வர்ணனை' சரியாக வரும்.

வராது. 1970 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சி திங்கட்கிழமை இரவு ஆட்டங்களைத் தொடங்கியபோது அறையில் மூன்று பேர். கீத் ஜாக்சன் நேர்முக வர்ணனை. டான் மெரடித் டல்லாஸ் அணியின் முன்னாள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர். மூன்றாமவர் ஹோவர்ட் கோசெல், வக்கீலுக்குப் படித்தவர், தொழில்முறையில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. ஆனால் ஊரே பேசியது அவரைப் பற்றித்தான். மறுபக்கம் பாட் சம்மரால். நியூயார்க் ஜயன்ட்ஸுக்குப் பந்தை உதைத்துப் புள்ளி எடுத்த ஆள், பின்னால் நேர்முக வர்ணனையாளராகவே பெயர் வாங்கினார். ஆக ஆளின் பழைய தொழிலை வைத்துப் பெயர் கட்டினால் இரண்டு பக்கமும் உதைக்கும். வேலையை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

அந்த வேலை என்ன? நான் கேட்டுக் குறித்துவைத்த ஒரு ஆட்டத் துண்டைச் சொல்கிறேன். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் நகர வேண்டும்; இது மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு கெஜம் வேண்டும். பந்து கைமாறுகிறது. முதல் குரல்: "பின்வாங்குகிறார், வீசுகிறார், பிடித்துவிட்டார், பன்னிரண்டு கெஜம்." ஐந்து விநாடி, முடிந்தது. உடனே மறுகாட்சி, இரண்டாம் குரல்: "இடது ஓரத்தில் இருப்பவரைப் பாருங்கள். பந்து தனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் உயிரைக் கொடுத்து ஓடுகிறார். காவலுக்கு நின்ற இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில்தான் பந்து விழுந்தது." அதற்குள் அடுத்த துண்டுக்கு அணிகள் நின்றுவிட்டன.

ஓர் ஆட்டத் துண்டு முடிந்து அடுத்ததைத் தொடங்கக் கடிகாரம் தருவது 40 விநாடி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். மீதியில் விளம்பரம் போக, இரண்டாம் குரலின் ராஜ்ஜியம். களத்தில் 22 பேர் ஒரே நேரத்தில் ஓடும்போது நம் கண் பந்தை மட்டும் பார்க்கிறது, மற்றதை அவர் எடுத்துக் காட்டுகிறார்.

இதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறதே! குறளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் ஒன்றே முக்கால் அடி. பதவுரை சொல்லுக்குச் சொல் பொருள் தரும். விளக்கவுரை அந்தச் சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும். களத்து ஐந்து விநாடி மூலம், முதல் குரல் பதவுரை, இரண்டாம் குரல் விளக்கவுரை. ஆகவே என் பரிந்துரை: உரைகாரர். 'உரையாளர்' வேண்டாம், அது மேடையில் பேசுகிறவரைக் குறித்துவிடும். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் சொல்கிற அதே உரைகாரர்தான். நச்சினார்க்கினியர் எங்கோ தள்ளிக் கிடக்கும் இரண்டு சொற்களைக் கொண்டுவந்து கூட்டுவார். நல்ல உரைகாரர் முதல் கால்பகுதியில் நடந்த ஒரு சின்ன ஓட்டத்தைக் கடைசிக் கால்பகுதியில் கொண்டுவந்து கூட்டுகிறார்.

இரண்டு குரலுமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று என்பிசி தொலைக்காட்சி ஒரு முறை செய்தே பார்த்தது. 1980 டிசம்பர் 20, மயாமி ஆரஞ்ச் பௌல் அரங்கம், ஜெட்ஸுக்கும் டால்ஃபின்ஸுக்கும் ஆட்டம். வர்ணனையே கிடையாது. அரங்க ஒலிபெருக்கி, கூட்டத்தின் சத்தம், திரையில் எழுத்து, அவ்வளவுதான். ஜெட்ஸ் 24-17 என்று ஜெயித்தது. மூலம் மட்டும் போதும் என்ற அந்தச் சோதனை அதோடு நின்றது.

> உரை என்பது மூலத்துக்குப் பின்னால் வருவது. ரோமோ ஆட்டம் நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாரே?

நல்ல கேள்வி, நானும் இதில் மாட்டிக்கொண்டேன். ரோமோ 2017-இல் ஆட்டத்தை விட்டு நேரே சிபிஎஸ் அறைக்குப் போனவர். 2019 ஜனவரியில் கான்சஸ் சிட்டியில் பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 37-31 என்று ஜெயித்த ஆட்டத்தில், அணி நிற்கும் விதத்தைப் பார்த்தே பந்து எங்கே போகும் என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். இங்கே வந்திருக்கும் அப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், "என்னப்பா, இவன் ஆரூடம் சொல்றானா?" என்றார். என் சிக்கலைச் சொன்னேன். காபியைக் கீழே வைக்காமலே, "திவ்யப் பிரபந்த வியாக்கியானத்துல பாசுரத்துக்கு முன்னாடி வர்றதுக்குப் பேரு என்ன? அவதாரிகை. உரைகாரர் முன்னாடியும் பேசுவார்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சொல் நல்லதா என்பது அது குட்டி போடுகிறதா என்பதில் தெரியும். ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2010-இல், லீகின் நடுவர் துறைத் தலைவராக இருந்த மைக் பெரைராவைக் கொண்டுவந்து விதிகளை விளக்கவைத்தது. அவர் 'விதி உரைகாரர்'. அரங்கத்தில் இருக்கும் குழு 'உரைக்கூடம்' என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பிரசங்க மண்டபம் மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆடுகள ஓரத்தில் நின்று செய்தி சொல்லும் 'ஓரக்கோட்டுச் செய்தியாளர்' பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்று பாக்கி. ஜான் மேடன், ரெய்டர்ஸ் அணிக்குப் பத்துப் பருவம் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1979-இல் சிபிஎஸ் வந்தவர். 1981 முதல் 2002 வரை சம்மரால் மூன்று சொல்லில் முடிப்பார், மேடன் உறைந்த படத்தின் மேல் வட்டமும் அம்பும் கிறுக்கி, "பூம்!" என்று விளக்குவார். உரைகாரரின் எழுத்தாணி அந்தக் கருவிதான், டெலிஸ்ட்ரேட்டர். 'திரைக்கோல்' என்று எழுதி வைத்தேன், அழகாகவும் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: விளையாட்டுப் பக்கத்தில் 'கோல்' என்று அச்சானால் வாசகர் ஸ்கோர் என்ன என்று தேடுவார். 'திரைவரைவி' சரி, ஆனால் உப்புச் சப்பில்லை. யாரிடமாவது இதைவிட நல்லது இருந்தால் அனுப்புங்கள்.