காசிமேடு: எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையைக் குழுவாக வாங்க முடியுமா?

கேள்வி:
விசைப்படகில் போனால் கரை திரும்பப் பத்து நாள் ஆகிவிடுகிறது, மாத்திரை வாங்கும் தேதி தவறுகிறது. ஆறு பேர் சேர்ந்து, மாதம் ஒருவர் மட்டும் போய் எல்லோருக்கும் வாங்கிவரும் முறை ஆப்பிரிக்காவில் உண்டாமே?

பதில் 1:
மொசாம்பிக்கில் உண்டு. 2008இல் டெட்டே மாகாணத்தில் தொடங்கியது. மருந்து வாங்கப் போகிறவர் அன்றே தன் பரிசோதனையையும் முடித்துக்கொள்வார். சுற்று வருவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் மருத்துவமனை பார்த்துவிடும். கிளம்பும் முன் எல்லோருடைய மிச்ச மாத்திரையையும் எண்ணி அட்டையில் குறிப்பார்கள். அந்த எண்ணிக்கையை விட்டால் வெறும் பார்சல் சர்வீஸ்தான். தென்னாப்பிரிக்காவின் கயலிட்சாவில் வேறு மாதிரி, 30 பேர் வரை கூடும் கிளப்.

பதில் 2:
நம்ம குப்பத்தில் பெரிய சிக்கல் ரகசியம். ஒரே தெருவில் ஆறு பேர் கூடினாலே பேச்சு கிளம்பும். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வெளியிடக் கூடாது. ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் என்றால் மட்டும் குழு சரிப்படும்.

அதற்கு முன், ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரிடம் கடலுக்குப் போகும் நாட்களைச் சொல்லி, கூடுதல் மாதத்துக்கு மருந்து கேளுங்கள். வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கட்டுக்குள் இருந்தால் வாய்ப்பு அதிகம். பத்து நாள் பயணத்துக்குப் பதினைந்து மாத்திரை எடுங்கள், காற்று மாறினால் நாள் நீளும். டப்பாவிலேயே வைத்து இறுக மூடுங்கள். இன்ஜின் அறைச் சூட்டில் வேண்டாம், ஐஸ் பெட்டி ஈரத்திலும் வேண்டாம்.

பதில் 3:
ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். டோலுடெக்ராவிர் என்ற மருந்து கலந்த மாத்திரை என்றால், வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போடுங்கள். சந்தேகத்துக்கு எச்.ஐ.வி. உதவி எண் 1097, இலவசம்.