திருகோணமலை மத்திய வீதியில் நாள் முழுக்க நிற்பது யாருடைய வண்டி?

உவர்மலையான்:
சனிக்கிழமை மகளுக்குச் சப்பாத்து வாங்க மத்திய வீதிக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் விட இடம் தேடி மூன்று சுற்று. கடைசியில் உட்துறைமுக வீதிப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வந்தோம். அளவு சரியில்லை என்று கடைக்காரர் வேறு சோடி எடுக்க ஆள் அனுப்பினார். அந்த நேரம் வாசலில் நின்று பார்த்தேன். எதிரில் நின்ற வண்டிகளில் முக்கால்வாசி அசையவே இல்லை. பலவற்றின் சீட்டில் வெயில் சுடாமல் இருக்க உரப்பையை மடித்துக் கட்டியிருந்தது. சாமான் வாங்க வந்தவன் சீட்டுக்குப் பை கட்டுவானா? அது பின்னேரம் வரை நிற்கப்போகும் வண்டி. கடை முதலாளிகளும் வேலை செய்கிறவர்களும் தங்கள் வாசலைத் தாங்களே அடைத்துவிட்டு, வியாபாரம் இல்லை என்கிறார்கள்.

என் யோசனை: மத்திய வீதியிலும் பிரதான வீதியிலும் முதல் அரை மணித்தியாலம் இலவசம், அதற்குப் பிறகு காசு. கொழும்பில் வீதியோரம் நிறுத்தினால் வாங்குகிறார்கள்தானே.

புடவைக்கடை:
தம்பி, சொல்வது சுகம். டவுன் சபை இதைத் தானாகச் செய்யாது, குத்தகைக்கு விடும். குத்தகை எடுத்தவன் துண்டுப் புத்தகத்தோடு ஒரு பெடியனை நிறுத்துவான். பலகையில் அரை மணித்தியாலம் இலவசம் என்று இருக்கும், ஆனால் ஸ்டாண்டைப் போடும்போதே துண்டு கைக்கு வந்துவிடும். சனம் அந்தக் காசுக்காக இல்லை, அந்தக் கரைச்சலுக்காகவே டவுனுக்கு வெளியே முற்றம் வைத்த கடைகளுக்குப் போய்விடும். அப்பா காலத்திலிருந்து இந்த வீதியில் இருக்கிறோம். யுத்தத்தையும் பார்த்தோம், சுனாமியையும் பார்த்தோம். துண்டுச் சீட்டால் கடை பூட்ட வேண்டுமா?

கிண்ணியாவிலிருந்து:
உங்கள் இரண்டு பேரின் கதையிலும் நாங்கள் இல்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்கு வந்தோம், இப்போது பைக்கை முறுக்கினால் வந்துவிடலாம். ஆஸ்பத்திரி, வங்கி, ரியூசன் எல்லாவற்றுக்கும் டவுன்தான். இதில் எது அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை? கிளினிக் என்றால் காலையில் நம்பர் எடுத்து, பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் மருந்தோடு வெளியே வரலாம். முதல் அடி எங்களுக்குத்தான் விழும்.

உவர்மலையான்:
கிண்ணியா நானா, உங்கள் பயம் நியாயம். ஆனால் கிளினிக்குக்கு வருகிறவர் சப்பாத்துக்கடை வாசலில் நிறுத்தப்போவதில்லையே. நான் கேட்பது கடைத்தெரு இரண்டுக்கு மட்டும்.

புடவைக்கடை அண்ணைக்கு ஒரு சின்னக் கணக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை பத்து மணித்தியாலம். ஒரே பைக் நின்றால் அந்த இடத்தால் உங்களுக்கு வருமானம் பூச்சியம். அரை மணிக்கு ஒன்று மாறினால் இருபது பேர் வருவார்கள். இருபது பேரும் சேலை எடுக்கமாட்டார்கள், சரி. இரண்டு பேராவது எடுக்கமாட்டார்களா?

வீதியை அகலமாக்கலாம் என்று யாராவது சொல்ல முதல் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்ட்டில் கடற்படை. நடுவில் மிஞ்சிய ஒடுங்கிய துண்டில்தான் நம் டவுன். இருக்கிற இடத்தைப் பங்கு போடத்தான் முடியும்.

ஆட்டோக்காரன்:
இவ்வளவு நேரமாகியும் எங்களை யாரும் திட்டவில்லை, ஆச்சரியம். திட்ட முதல் ஒன்று யோசியுங்கள். நான் டவுனில் இறக்கிவிடும் ஒவ்வொருவரும் நிறுத்த இடம் தேடாத ஒருவர். 2022இல் கியூஆர் கோட்டில் கிழமைக்குக் கொஞ்சப் பெற்றோல் என்று இருந்த நேரம் வீதியெல்லாம் சைக்கிள், நெரிசலே இல்லை. எங்கள் வயிறும் காலி, அது வேறு கதை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். இனிக் குறையும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

கோட்டையடி:
போயா லீவு நாட்களில் வந்து பாருங்கள். கோட்டைக்குள் மேட்டில் இருக்கும் கோணேசர் கோவிலுக்குத் தென்பகுதியிலிருந்து வரும் பஸ்களும் வான்களும் ஒரே நேரத்தில் இறங்கும். கோட்டை வாசலோ ஒரு வண்டி நுழையும் அகலம். பெரிய பஸ்களை வெளியே மறித்து, மேட்டில் நடந்து ஏறமுடியாதவர்களை மட்டும் சின்ன வண்டியில் அனுப்பினால் பாதித் தொல்லை போகும். உங்கள் அரை மணித்தியாலத் துண்டு இதற்கு உதவாது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
எல்லோரும் வண்டிக்கே இடம் கேட்கிறீர்கள். நடைபாதையில் கடைக்காரரின் உடுப்புப் பொம்மையும் பிளாஸ்ரிக் வாளியும். அதற்கு வெளியே உரப்பை கட்டிய பைக். அதற்கும் வெளியே நாங்கள், பஸ்ஸை உரசிக்கொண்டு. டவுனுக்குள் அலைகிற மான் நடு வீதியில் நின்றால் ஹோன்கூட அடிக்காமல் காத்து நிற்கிறார்கள். கைக்குழந்தையோடு நான் நின்றால் காது கிழிய அடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் மத்திய வீதிக்குள் வண்டியே விடக்கூடாது.

புடவைக்கடை:
தங்கச்சி, பொம்மையை உள்ளே எடுக்கிறேன். அது எங்கள் பிழை. ஆனால் வீதியை மூடுகிற கதை வேண்டாம். கண்டியில் 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னால் போகும் வீதியை வாகனங்களுக்கு மூடினார்கள். நெரிசல் காணாமலா போனது? வாவியைச் சுற்றி நிற்கிறது.

உவர்மலையான்:
அங்கே மூடியது பாதுகாப்புக்காக. அதையும் கடைத்தெருவில் இரண்டு மணித்தியாலத்தையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. அது இருக்கட்டும் அண்ணை, நேராகவே கேட்கிறேன். உங்கள் வாசலில் நிற்கும் வண்டிகளில் எத்தனை உங்களுடையது?

புடவைக்கடை:
மறைக்க என்ன இருக்கிறது. என்னுடையது ஒன்று, வேலை செய்யும் பிள்ளைகளுடையது மூன்று. பின்னால் ஒழுங்கை இருக்கிறது, அதில் பத்துப் பதினைந்து பைக் விடலாம். ஆனால் வடிகாலுக்கு மூடி இல்லை, லைட்டும் இல்லை. கடை பூட்டி இரவு எட்டு மணிக்கு மூன்று பொம்பிளைப் பிள்ளைகள் அந்த இருட்டுக்குள் போய் வண்டி எடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
இதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா. நாலு லைட்டும் சிலாப்பும் போடச் சொல்லி முதலில் கேட்போம். காசு வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

உவர்மலையான்:
லைட்டுக்கு நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் லைட் வந்த பிறகும் உரப்பை முன்னால்தான் நிற்கும். வாசலில் ஓசி என்றால் யார் பின்னால் போவார்கள்? ஞாயிறு காலை வருகிறேன் அண்ணை, ஒழுங்கையைக் காட்டுங்கள்.

புடவைக்கடை:
வாங்கோ. வண்டியை எங்கே விடப்போகிறீர்கள்?

கிண்ணியாவிலிருந்து:
சிரிப்பெல்லாம் சரி. ஆஸ்பத்திரிப் பக்கமும் இதே துண்டு வராது என்று யார் எழுதித் தருவது? செவ்வாய்க்கிழமை உம்மாவுக்குக் கிளினிக். வண்டியில்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.