டனல் டெலஸ்கோப்: சுரங்கமா, சுருங்கையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், சூரிய ஒளியை நிலத்தடி வழிக்குள் அனுப்பிப் பார்க்கும் டனல் டெலஸ்கோப் இருக்கிறது. பள்ளிக் கண்காட்சிப் படவிளக்கத்தில் அதற்குத் தமிழ்ப் பெயராக ‘சுரங்கத் தொலைநோக்கி’ போதும் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சுரங்கம் என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிலக்கரியும் தங்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே யாரும் எதையும் தோண்டி எடுப்பதில்லை. வெளிச்சத்தைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

அந்தக் கட்டடமே கருவியின் உடம்பு. 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் இரண்டு கண்ணாடிகள் வெயிலை வாங்கிக் கீழே இறக்குகின்றன. அடியில் இன்னொரு கண்ணாடி அதைத் திருப்பி, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடி வழிக்குள் விடுகிறது. 38 செ.மீ. லென்ஸின் குவியத் தூரம், அதாவது லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரை, 36 மீட்டர். அதற்கப்பால் ஒளியைப் பிரிக்கும் நிறமாலைக் கருவிக்கு 18 மீட்டர் வேண்டும். அந்த நீளம் ஒளி கேட்ட நீளம்தான். மண்ணுக்கடியில் வெப்பம் அதிகம் மாறாது, காற்று அலையாது, அதனால் பிம்பமும் நடுங்காது.

ஒருமுறை மாணவர்களோடு உள்ளே போயிருந்தேன். மஞ்சு விலகியதும் வெள்ளைத் தாளில் சூரியன் வந்து நின்றது. 34 செ.மீ. அகலம், ஏறக்குறைய ஒரு தோசைக்கல். ஓரத்தில் கடுகு போல ஒரு கரும்புள்ளி. “இவ்வளவு தூரம் வெளிச்சம் ஓடி வருதா சார்?” என்று கேட்டாள் ஒரு மாணவி.

அந்த ‘ஓடி’யில்தான் எனக்குச் சொல் கிடைத்தது: சுருங்கை. மணிமேகலையில் வஞ்சி நகர வீடுகளின் குளித்த நீர் சுருங்கைத் தூம்பு என்ற மூடிய நீர்க்குழாய் வழியாகத்தான் அகழிக்குப் போகிறது. சிலப்பதிகார மதுரையில் யானைகள் போகும் சுருங்கை வீதி இருக்கிறது. உள்ளே ஒன்று ஓடும் மூடிய வழி என்ற பொருள் இரண்டிலும் உண்டு. வேர் கிரேக்கம் என்பாரும் உளர். இருக்கட்டுமே, காப்பியக் காலத்திலேயே நம் சொல்லாகிவிட்டது. ‘சுரங்கப்பாதை’ பழகிய சொல்தான், ஆனால் தொலைநோக்கியோடு சேர்த்தால் நீண்டுவிடும். ஆகவே, சுருங்கைத் தொலைநோக்கி.

அப்புறம், கோபுர உச்சியில் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடியான சீலோஸ்டாட்டுக்குத் தம்பி தந்த ‘வானிலைநிறுத்தி’ என்ற பெயர் வேண்டாம். கண் அதை ‘வானிலை’ என்றே படிக்கிறது. அந்தக் கண்ணாடி 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திரும்பி, நகரும் சூரியனின் கதிரை ஒரே திசையில் நிறுத்துகிறது. ‘கதிர்நிறுத்தி’ சரியாக வரும்.

பள்ளிக் கண்காட்சிக்கான படவிளக்கம் வியாழனன்று அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.