பரந்தன் வீடு: ஒரு ரயர் மட்டும் மாத்தலாமோ?

பெரியண்ணை, 8:12
ரூபன், ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் றோட்டிலை எங்கட எக்ஸ் ட்ரெயில் ஜீப்பின்ரை ரயர் ஒண்டு கிழிஞ்சு போச்சு. பக்கத்திலை வெட்டு, ஒட்டேலாது. ஸ்பெயரைப் போட்டு ஓடி வந்திட்டன். இப்ப கிளிநொச்சியிலை ரயர் கடையிலை நிக்கிறன். எங்கட பிராண்ட் இல்லையாம், வேறை ஒண்டு கிடக்காம். அதே 215/65 ஆர் 16. ஒண்டை மட்டும் வாங்கிப் போடட்டோ? திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், முல்லைத்தீவுப் பக்கம் போகோணும்.

சின்னம்மா, 8:14
எல்லா ரயரும் வட்டம்தானே, போடு தம்பி. நேர்த்திப் பானை ரெண்டு ஏத்தோணும்.

கராஜ் ரூபன், 8:15
அம்மா, கொஞ்சம் பொறுங்கோ.
அண்ணை, மற்ற மூண்டும் எவ்வளவு தேய்ஞ்சு கிடக்கு?

பெரியண்ணை, 8:21
கடைக்காரர் அளந்தவர். மூண்டும் 4 மில்லிமீற்றர். ஸ்பெயர் 8, புதுசு மாதிரி.

கராஜ் ரூபன், 8:24
அப்ப பிராண்டை விட அதுதான் பிரச்சினை. 4 மில்லி எண்டால் சுற்றளவிலை ரெண்டரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம். உங்கட சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 460 தரத்துக்கு மேலை சுத்தும். அப்ப கிலோமீற்றருக்கு 11, 12 மீற்றர் வித்தியாசம். பரந்தன்–முல்லைத்தீவு றோட்டு 52 கிலோமீற்றர், போய்ச் சேர முன்னம் கிட்டத்தட்ட 600 மீற்றர்!

தங்கச்சி, 8:25
600 மீற்றரும் ஆர் ஓடுறது? 😄

கராஜ் ரூபன், 8:27
ஒருத்தரும் இல்லை, அதுதான் பகிடி. சின்னச் சில்லு கூடச் சுத்தோணும், பெரியது குறையச் சுத்தோணும். ஒரே அச்சிலை இடம் வலம் எண்டால், ரெண்டு சில்லையும் வேறை வேறை வேகத்திலை சுத்த விடுற டிபரன்சல் சமாளிக்கும். உங்கடை நாலு சில்லும் இழுக்கிற வாகனம்; முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் வந்தால் பின் சில்லுக்கு இழுவை குடுக்கிற கப்ளிங்தான் நழுவி நழுவி அரைபடும். போன மாசம் ஒரு ஜீப் வந்தது, ஒயிலைத் திறக்கக் கருகின மணம். வளைவிலை திருப்பேக்கை வாகனம் இழுத்து இழுத்துப் போச்சாம். அவர் ரெண்டு மாசமா "ரயர் சத்தம்" எண்டு விட்டிட்டார்.

கனடா மாமா, 8:31
நான் அங்கை இருக்கேக்கை டபிள் கப் பிக்கப்பிலை நாலு சாதி ரயர் போட்டு ஓடினனான். ஒண்டும் நடக்கேல்லையே.

கராஜ் ரூபன், 8:33
மாமா, அதிலை லீவர் இழுத்தால்தான் நாலு சில்லும் பிடிக்கும். தார் றோட்டிலை பின் சில்லு மட்டும்தானே இழுத்தது. அண்ணையின்ரை ஜீப்பிலை டயலை ஓட்டோவிலை விட்டால் நாலு சில்லும் தானாப் பிடிக்கும்.

கனடா மாமா, 8:34
ஓம், அது சரி. அமெரிக்காவிலை புது ரயரைச் சீவி, பழையதோடை சமனாக்கி விக்கிறவையும் இருக்கினம்.

சின்னம்மா, 8:35
காசு குடுத்து வாங்கிச் சீவுறதோ? நல்ல கூத்து.

கராஜ் ரூபன், 8:36
அண்ணை, ஸ்பெயர் இப்ப எந்தப் பக்கம்? டயல் எதிலை?

பெரியண்ணை, 8:37
முன்னுக்கு இடப்பக்கம். ஓட்டோ.

கராஜ் ரூபன், 8:38
உடனே டூ வீலுக்குத் திருப்புங்கோ, முன் சில்லு ரெண்டும் மட்டும் இழுக்கும். ஸ்பெயரைப் பின்னுக்கு மாத்தச் சொல்லுங்கோ. டூ வீலிலை பின் சில்லு சும்மா உருளும், பின் டிபரன்சல் அந்த வித்தியாசத்தை எடுக்கும். கடையிலை சணல் துண்டு ஒண்டு வாங்கி, அந்த வேறை பிராண்ட் ரயரையும் பழைய ரயரையும் நடுவாலை சுத்தி அளந்து பாருங்கோ. ரெண்டுக்கும் காத்து ஒரே அளவு இருக்கோணும். ரயரிலை கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கோ.

பெரியண்ணை, 9:02
பழசு 213 சென்ரிமீற்றர். கடைக்காரற்றை ரயர் 216. இலக்கம் 0917.

கராஜ் ரூபன், 9:04
2017ஆம் ஆண்டு 9ஆவது கிழமை செய்தது. "புதுசு" எண்டு சொன்னவரோ?

பெரியண்ணை, 9:05
ஓம். இப்ப ஆள் தேத்தண்ணி குடிக்கப் போட்டார்.

கராஜ் ரூபன், 9:08
மூண்டு சென்ரிமீற்றர் பெரிசு, அதோடை பழசு; விடுங்கோ. வவுனியாவிலை உங்கட பிராண்டிலை அரைவாசி தேய்ஞ்ச ரயர் ஒண்டு தேடிப் பாக்கிறன். கிடைச்சால் இந்த மாரி வரைக்கும் போகும். பிறகு நாலையும் ஒரே பிராண்டிலை, ஒரே டிசைனிலை, ஒரே நாளிலை போடுவம். இனி 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஸ்பெயரையும் சேர்த்து மாத்தி மாத்திப் போடோணும். அது வருசக்கணக்காக் கீழை தூங்கினதாலைதான் இந்தக் கரைச்சல்.

தங்கச்சி, 9:10
அப்ப திங்கள்?

கராஜ் ரூபன், 9:11
டூ வீலிலை மெதுவாப் போய் வரலாம். கோயிலடி மணலிலை மட்டும் இறக்காதேங்கோ, றோட்டோரம் விட்டிட்டு நடவுங்கோ.

சின்னம்மா, 9:13
நடக்கிறதெண்டால் பானையை ஆர் தூக்கிறது?

பெரியண்ணை, 9:40
ஸ்பெயர் பின்னுக்குப் போட்டாச்சு, டயல் டூ வீல். பானை தங்கச்சி தூக்குவாள்.

தங்கச்சி, 9:40
ஆர் சொன்னது?