புதுப்பிப்பு: வாழைத்தண்டுக்கு மசியாத கல்

இடது பக்கம் 7 மி.மீ. சிறுநீரகக் கல், தானாக இறங்குமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பலர் வாழைத்தண்டுச் சாறு சொன்னீர்கள். அம்பாசமுத்திரத்தில் வாழைத்தண்டுக்கா பஞ்சம்? தினமும் குடித்தேன். கல் மசியவில்லை.

போன வியாழன் ராத்திரி விலாவிலிருந்து அடிவயிறு வரை வலி. அந்த வலியாவது பழகியதுதான். ஆனால் இந்தத் தடவை குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. விடியட்டும் என்றேன். "விடியுத வரைக்கும் காத்திருக்க இது என்ன பஸ்ஸாலே? கெளம்பு" என்று அத்தான் பாளையங்கோட்டைக்கு இழுத்துப் போனார்.

கல் சிறுநீர்க்குழாயை அடைத்து, தேங்கிய சிறுநீரில் கிருமித்தொற்று. அந்த நிலையில் கல்லைத் தொட மாட்டார்களாம். அடைப்பைத் தாண்டி சிறுநீர் இறங்க உள்ளே ஒரு மெல்லிய குழாய் (ஸ்டென்ட்) வைத்து வடியவிட்டு, ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஸ்டென்ட் இருக்கிறதே, அது தனி அவஸ்தை; பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்றுக்கு ஓட வேண்டும்.

டாக்டரிடம் கேட்டேன். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும், காத்திருக்கலாம். ஆனால் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் வராமல் போவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள் வலி தொடங்கியதுமே போய்விட வேண்டும்.

தொற்று முழுசாக அடங்கியதும் லேசரில் உடைக்கப் போகிறார்கள். என்ன வகைக் கல் என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.