மறு: படத்துக்காக எஞ்சினுக்கு அடிக்கும் சாம்பல் நிறம், தமிழில்?

அன்பர்களுக்கு வணக்கம். ஒளிப்பட வரலாற்றுப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மான்செஸ்டரில் 1854-இல் தொடங்கிய பேயர் பீகாக் ஆலையின் ரயில் எஞ்சின்களை ஜேம்ஸ் மட் படமெடுத்த பகுதியில் முட்டி நிற்கிறேன். அக்காலத்தில் புது எஞ்சினைப் படமெடுப்பதற்கென்றே பளபளப்பில்லாத சாம்பல் நிறம் அடிப்பார்கள். அதற்கு ஒரு சொல் வேண்டும். 'புகைப்படச் சாம்பல்' என்றால் படத்தை எரித்தது போலிருக்கிறது.

-----

'பிரைமர்' என்றே போடுங்கள். எல்லாருக்கும் புரியும்.

-----

> எல்லாருக்கும் புரியும்

தப்பாகப் புரியும். பிரைமர், மேலே வரும் பெயின்ட் பிடிப்பதற்கு, இது கேமராவுக்கு. 1851-இல் வந்த ஈரக் கொலோடியன் தகடு (அக்காலத்தில் படம் பதிந்த, மருந்து பூசிய கண்ணாடி) நீலத்தைத்தான் நன்றாக வாங்கும். பச்சையும் சிவப்பும் கறுத்துப்போய் விழும். பச்சை எஞ்சினில் ரிவெட் வரிசையே காணாமல் போகும். வார்னிஷ் அடித்திருந்தால் வானம் கொதிகலன் மேல் வெள்ளைப் பட்டையாகப் படியும். மங்கிய சாம்பல் இரண்டுக்கும் மருந்து. கேமரா பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் அடித்ததும் உண்டு. படம் முடிந்ததும் கழுவிவிடுவார்கள், அல்லது அதன் மேலேயே உரிய நிறத்தை அடிப்பார்கள்.

-----

சாம்பல் என்பது பொருட்பெயர். நிறத்துக்கு நம்மிடம் 'மயிலை' இருக்கிறதே! காங்கயம் பக்கம் மயிலைக் காளை என்றால் யாரும் அகராதி புரட்டுவதில்லை. காரி, செவலை, மயிலை எல்லாம் மாட்டுக்காரர் வைத்த நிறப்பெயர்கள். 'நரை'யும் உண்டு, ஆனால் புது எஞ்சினுக்கு வயதாகிவிடும். ஆகவே 'மயிலைப்பூச்சு'. (ஒற்று மிகும், விட்டுவிடாதீர்கள்.)

-----

ஐயா, சென்னை மாணவருக்கு மயிலை என்றால் கபாலீசுவரர் கோயில். மயிலைப்பூச்சு, கும்பாபிஷேகத்துக்கு அடித்த பெயின்ட் ஆகிவிடும்.

-----

நிறத்தில் சண்டை போடுகிறோம். வில்லங்கம் 'பூச்சில்' இருக்கிறது. அதே பத்தியில் இன்னொரு பூச்சும் வருமே! கண்ணாடி நெகட்டிவில் எஞ்சினைச் சுற்றி ஒளி புகாத சாயம் தடவிப் பின்னாலிருக்கும் கொட்டகையை மறைப்பார்கள். சாயம் தடவிய இடம் தாளில் வெள்ளையாக விழும். தூரிகை கொஞ்சம் உள்ளே போனாலும் புகைபோக்கி கத்தரித்து ஒட்டியது போலாகும். சக்கர ஆரங்களின் சந்துகளில் தடவ மறந்தாலோ, வெட்டவெளியில் நிற்கும் எஞ்சினின் சக்கரத்துக்குள் மட்டும் கொட்டகைச் சுவர் எட்டிப் பார்க்கும். இரண்டையும் பூச்சு என்றால் எது இரும்பின் மேல், எது கண்ணாடி மேல்? முன்னது 'படச்சாம்பல்', பின்னது 'பின்புல மறைப்பு' என்று பிரித்துவிடலாம்.

-----

ஒளிப்படமா நிழற்படமா என்பதை முடிக்காமல் 'பட' என்று தொடங்குவது...

-----

அந்த இழையை மறுபடி திறக்க வேண்டாம், தயவுசெய்து.

-----

நன்றி. ஆதரவு அதிகம் என்பதால் 'படச்சாம்பல்' என்றே போடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் 'படமெடுப்பதற்காக அடிக்கும் மங்கிய சாம்பல் நிறம்' என்று விளக்கமும் சேர்த்துவிடுகிறேன். 'பின்புல மறைப்பு' அப்படியே.

-----

படச்சாம்பலில் இன்னும் எரிந்த வாடை போகவில்லை. மயிலைக்கு அடிக்குறிப்பிலாவது ஓர் இடம் கொடுங்கள், அம்மா.